சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கிளம்பிவிடாதீர்கள்

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்டா, நார்மல்தானாம். பயப்பட வேணாம்னு அக்காகிட்ட சொல்லிடு." இப்படிச் செல்போனில் சொல்லிவிட்டு நிம்மதியாக டீக்கடைப் பக்கம் நடப்பவர்களை எங்கள் சிடி அறை வாசலில் அடிக்கடி பார்ப்பேன். உள்ளே அவருடைய அம்மாவுக்கு வலது கையைத் தூக்க வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. படம் சுத்தமாக இருக்கிறதே, பிறகென்ன என்பது மகனின் கணக்கு. பக்கவாதத்தில் இதைவிட ஆபத்தான நிம்மதியை நான் பார்த்ததில்லை.

நான் டாக்டர் இல்லை. டெல்டா மாவட்டம் ஒன்றில் சிடி, எம்ஆர்ஐ இரண்டையும் இயக்குகிற ரேடியோகிராஃபர். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் என்றால் எல்லோருக்கும் "சிஸ்டர்"தான், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். "சிஸ்டர், படத்துல என்ன தெரியுது?" என்று கேட்டால் "டாக்டர் சொல்வாங்க" என்பதைத் தவிர எங்களிடம் பதில் கிடையாது. ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட், வைத்தியத்தை முடிவு செய்வது நரம்பியல் டாக்டர். அந்த வரம்பு சரியானதுதான். ஆனால் அந்தப் பரபரப்பில் வாசலில் நிற்பவர்களுக்கு உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆற அமர எழுதினால் யாருக்காவது பயன்படும்.

முதலில் அந்த "நார்மல்" விவகாரம். பக்கவாதம் இரண்டு வழியில் வரும். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரு பக்கம் விழுந்துதான் கிடப்பார்கள். எவ்வளவு அனுபவமுள்ள டாக்டரும் கையைக் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்து இது இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. வைத்தியமோ நேரெதிர். அடைப்பு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட வேண்டும். கசிவு உள்ளவருக்கு அதே ஊசி போட்டால் உயிருக்கே உலை. அவசர அவசரமாக எடுக்கிற முதல் சிடி, "உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா இல்லையா" என்ற ஒரே கேள்விக்காகத்தான்.

சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. மூளைத் திசு 25-க்கும் 40-க்கும் இடையில் இருக்கும். கசிந்து உறைந்த புது ரத்தம் 60, 70 என்று ஏறி, திரையில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். படம் பார்க்கத் தெரியாதவர்கூட விரல் வைத்துக் காட்டிவிடுவார். இந்த எண்களுக்குப் பெயரே ஹவுன்ஸ்ஃபீல்ட் எண். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது 1971 அக்டோபர் 1-ல், லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில். அவர் வேலை பார்த்தது இசைத்தட்டு விற்ற இஎம்ஐ கம்பெனியில் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

அடைப்பு அப்படிச் சட்டென்று தெரியாது. ரத்தம் போகாத பகுதியில் நீர் கோத்து, அது சிடியில் கறுத்துத் தெரிவதற்குப் பல மணி நேரம் ஆகும். விழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த படத்தில் மூளை பெரும்பாலும் பழையபடியேதான் இருக்கும். ஆக, கை விளங்காத ஒருவருக்கு முதல் சிடி "நார்மல்" என்றால், நோய் இல்லை என்று பொருள் இல்லை. ரத்தக் கசிவு இல்லை, மூளையில் பெரும்பகுதி இன்னும் சாகவில்லை, ஊசி போட வழி திறந்திருக்கிறது என்று பொருள். படம் கறுத்துப்போய் எல்லாமே தெளிவாகத் தெரிகிற நேரத்தில் காப்பாற்ற அதிகம் மிச்சம் இருக்காது.

"நார்மல்னா எதுக்கு 'ரிஸ்க்'குனு கையெழுத்துக் கேக்குறீங்க? டிஸ்சார்ஜ் பண்ணுங்க" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. ஊசியால் சிலருக்கு மூளையில் ரத்தம் கசியலாம், அதனால்தான் சம்மதம் கேட்கிறார்கள். அதையும் "ஸ்கேன் நார்மல்" என்பதையும் ஒரே மூச்சில் சொன்னால் யாருக்குமே குழப்பம்தான் வரும்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். அதில் "ஆஸ்பெக்ட்ஸ்" என்று ஒரு மதிப்பெண் இருக்கலாம். நடுப் பெருமூளைத் தமனி என்ற ரத்தக் குழாய் பாய்கிற பகுதியை 10 இடங்களாகப் பிரித்து, கெட்டுப்போன ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று கழிப்பார்கள். 10 என்றால் நல்லது, குறையக் குறைய மோசம். கேஸ் ஷீட்டில் இருக்கிற "என்ஐஹெச்எஸ்எஸ்", கை, கால், பேச்சைச் சோதித்துப் போடுகிற மதிப்பெண், அப்படியே தலைகீழ். அது 0-லிருந்து 42 வரை போகும், ஏற ஏற மோசம். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, ஆஸ்பெக்ட்ஸ் 10 என்று பார்த்துவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுத பெண் ஒருவரை நான் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

இனி நேரம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தருகிறது என்று 1995-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு அதை 4.5 மணி நேரமாக நீட்டியது. இந்தக் கெடுவை நீங்கள் மருத்துவமனை வாசலை மிதித்ததிலிருந்தோ, பார்த்துப் பதறியதிலிருந்தோ எண்ண மாட்டார்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்துதான் எண்ணுவார்கள். தூக்கத்தில் வந்துவிட்டால் இங்கேதான் சிக்கல்.

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியை விடிகாலையில் கூட்டிவந்தார்கள். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்திலேயே நின்று டியூட்டி டாக்டர் மருமகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்கு ஆச்சும்மா?"

"காலையில காப்பி குடுக்க எழுப்பினேன் சார், அப்பவே பேச்சு இல்ல. வலது கை விழுந்து கெடந்துச்சு."

"ராத்திரி கடைசியா எப்ப நல்லா பாத்தீங்க?"

"10 மணிக்குப் படுத்தாங்க சார், நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க."

10 மணி என்றால் கெடு தாண்டிவிட்டது. டாக்டர் விடவில்லை. வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டு, பேத்தியைப் போனில் பிடிக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் அந்தப் பெண் சொன்னாள்: "ஆத்தா 4 மணிக்குப் பாத்ரூம் போச்சு. நான் வழியில படுத்திருந்தேன், 'நகந்து படுடி'ன்னு திட்டிட்டுத்தான் போச்சு. 4 மணி அலாரம் அப்பதான் அடிச்சு நிறுத்தினேன்." பரீட்சைக்குப் படிக்க அலாரம் வைத்தவள் மறுபடி தூங்கிப்போனது பாட்டிக்கு நல்லதாகப் போயிற்று. நடந்திருக்கிறார், தெளிவாகப் பேசியிருக்கிறார். கெடு அதிகாலை 4 மணியிலிருந்து தொடங்கியது. சிடியில் கசிவு இல்லை. ஊசி போட்டார்கள். பாட்டிக்கு இப்போது நடையில் லேசான இழுப்பு இருக்கிறது, பேச்சு திரும்பிவிட்டது.

ஆம்புலன்ஸில் யார் ஏறுவது என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால், கடைசியாகப் பார்த்தவர் ஏறட்டும். முடியாவிட்டால் அவருடைய நம்பர் கையில் இருக்கட்டும், போன் சைலண்டில் இருக்கக் கூடாது.

நேரம் தெரியவே இல்லை என்றால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்று ஒரு வகைப் படம் உண்டு. அடைப்பு வந்து சில நிமிடங்களிலேயே பாதிப்பை வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஃப்ளேர் என்கிற இன்னொரு வகையில் அதே பாதிப்பு தெரியச் சில மணி நேரம் பிடிக்கும். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியவில்லை என்றால், விழுந்து பெரும்பாலும் 4.5 மணி நேரத்துக்குள்தான் இருக்கும் என்று கணிக்கலாம். இப்படிப் படத்தையே கடிகாரமாக வைத்து, தூக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கும் ஊசி போடலாம் என்று 2018-ல் வேக்-அப் என்ற ஆய்வு காட்டியது. பேஸ்மேக்கர் இருக்கிறதா, தலையில் பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப் இருக்கிறதா என்று எம்ஆர்ஐ அறைக்கு வெளியே நாங்கள் நச்சரிப்பது நோயாளியின் பாதுகாப்புக்காக. ஆம், இல்லை என்று உடனே சொல்ல ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

பெரிய குழாயிலேயே அடைப்பு என்றால் ஊசி மட்டும் போதாமல் போகலாம். தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, ரத்தக் கட்டியை இழுத்தோ உறிஞ்சியோ எடுப்பார்கள். 2015-ல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகளுக்குப் பிறகு இது உலகமெங்கும் நிலைபெற்றது. கட்டி எந்தக் குழாயில் இருக்கிறது என்று பார்க்க சிடி ஆஞ்சியோ எடுக்க வேண்டும். இங்கே நேரத்தைத் தின்பது ஒரு சின்னச் சங்கதி. ரத்தக் குழாயைப் படத்தில் எடுத்துக்காட்டுகிற கான்ட்ராஸ்ட் மருந்து ஒரு வினாடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் போக வேண்டும். வழியில் எங்கோ புறங்கையில் மெல்லிய நீல வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்த வேகத்தை அது தாங்காது. முழங்கை மடிப்பில் அதைவிடப் பெரிய பச்சையோ குறைந்தது பிங்க்கோ போட்டுத்தான் நான் இன்ஜெக்டரை மாட்ட முடியும். வயதானவர்களுக்கு நரம்பு கிடைக்காமல் தேடுகிற ஒவ்வொரு நிமிடமும் அடிவயிற்றைக் கலக்கும். பெரிய குழாய் அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்று ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். நரம்பு தேடும்போது அந்த எண் ஞாபகத்துக்கு வராமல் இருந்தால் நல்லது. ஆம்புலன்ஸிலும் சின்ன மருத்துவமனைகளிலும் இருக்கிற தம்பி தங்கைகள் இதைப் படித்தால், பக்கவாதக் கேஸுக்கு முழங்கை மடிப்பிலேயே பெரிய வென்ஃப்ளான் போட்டு அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும்.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் திடீரென்று சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். சொல்லி வைக்காவிட்டால் நோயாளி பதறி எழப் பார்ப்பார். "கிட்னி டெஸ்ட் எடுக்காம இந்த மருந்து போடலாமா" என்று படித்தவர்கள் கேட்பார்கள். சிறுநீரக நோய் முன்பே இருக்கிறதா என்று நாங்களும் கேட்போம். பெரிய குழாய் அடைப்பு என்ற சந்தேகத்தில், கிரியாட்டினின் என்ற அந்த கிட்னி டெஸ்ட் ரிசல்ட்டுக்காகப் படத்தை நிறுத்திவைக்க வேண்டாம் என்பதுதான் நடைமுறை.

சில மையங்களில் பெர்ஃப்யூஷன் படமும் எடுப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை வயலை வைத்துச் சொல்லிவிடலாம். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் எல்லாப் பயிரும் ஒரே நாளில் காய்வதில்லை. அடைப்பை ஒட்டிய பாத்தி முதலில் கருகும். சுற்றியுள்ள பாத்திகள் பக்கத்து வாய்க்காலின் கசிவில் வாடியபடி உயிரோடு இருக்கும், தண்ணீர் வந்தால் நிமிர்ந்துவிடும். கருகியது எவ்வளவு, வாடி நிற்பது எவ்வளவு என்று பெர்ஃப்யூஷன் படம் நிறம் பிரித்துக் காட்டும். பக்கத்து வாய்க்கால் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் சிலருக்கு 12 மணி நேரம் கழித்தும் வாடிய பகுதி நிறைய மிச்சமிருக்கும், சிலருக்கு 3 மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். இப்படிப் படம் பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், டான் ஆய்வின்படி 24 மணி நேரம் வரையும் டிஃப்யூஸ் 3 ஆய்வின்படி 16 மணி நேரம் வரையும் கட்டியை எடுத்துப் பலன் காணலாம். இரண்டும் 2018-ல் வெளியானவை. "அதான் 24 மணி நேரம் இருக்கே" என்று யாரும் விடியட்டும் என உட்கார்ந்துவிடக் கூடாது. அந்த 24 மணி நேரம், படத்தில் தேறியவர்களுக்கு மட்டும்தான்.

அறைக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தலை சிடி எடுக்கிற நேரம் சில வினாடிதான். மேசையில் கிடத்தவும் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி கழற்றவும்தான் நேரம் போகிறது. காதோரம் உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும், பின்மூளைப் பக்கம் பார்க்கவே முடியாது. பல வருஷம் கழற்றாத திருகு தோடு லேசில் வராது. வண்டியில் வரும்போதே யாராவது கழற்றி வைத்திருந்தால் பெரிய உதவி. கழுத்துத் தாலிக்கு வெறும் தலை சிடியில் அவசரமில்லை, ஆஞ்சியோ என்றால் மேலே தள்ளி வைக்கவோ கழற்றவோ வேண்டியிருக்கும். அதைக் கழற்ற மாட்டேன் என்று பேச முடியாத அம்மா ஒருவர் இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டதும், கணவர் வந்து "நானே வாங்கி வச்சுக்கிறேன் தாயி, குடு" என்றதும் கையை விட்டதும் உண்டு.

கதிர்வீச்சுக்குப் பயந்து தயங்குகிறவர்களுக்கு: ஒரு தலை சிடியில் கிடைப்பது சுமார் 2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே நமக்கு ஓராண்டில் ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடுகிறது.

எல்லா விழுதலும் பக்கவாதம் இல்லை. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்த ஒருவருக்கு இடது பக்கம் விளங்கவில்லை என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். வாசலில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார், சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏறியதும், நான் மேசையைத் தயார் செய்து முடிப்பதற்குள், மனுஷர் இடது கையால் மூக்கைச் சொறிந்துகொண்டு "எங்க இருக்கேன்?" என்றார். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் வண்டி வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வந்த வேகத்தில் சரியாகிவிடுகிற பக்கவாதம். கால் மணி நேரம் பேச்சு குழறியது, பிறகு தெளிந்துவிட்டது, சிடியும் சுத்தம் என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெரிய தாக்குதல் வரும் ஆபத்து மிக அதிகம் இருப்பது அடுத்த 48 மணி நேரத்தில்தான். அதேபோல், திடீர்த் தலைசுற்றல், பொருள் இரண்டாகத் தெரிவது, நேராக நடக்க முடியாமல் சாய்வது ஆகியவை பின்மூளைச் சங்கதியாக இருக்கலாம். சுற்றிலும் தடித்த எலும்பு இருப்பதால் சிடி அங்கே பலவீனம். "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று எலுமிச்சம்பழத்தைத் தேடாதீர்கள்.

வீட்டில் செய்யக் கூடாததைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். விழுங்க முடியாதவர் வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். புறா ரத்தம் தடவுவதும் எண்ணெய் நீவுவதும் நேரக் கொலை. ஆஸ்பிரின் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கொடுப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள். மாரடைப்புக்கு உடனே கொடுப்பதைப் பார்த்துவிட்டு இதற்கும் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது கசிவா அடைப்பா என்று சிடி சொல்லும்வரை அது கூடாது. வீட்டில் பிரஷர் 180 என்று பார்த்துவிட்டு மாத்திரையை நாக்குக்கடியில் வைப்பதும் வேண்டாம். அடைப்பு இருக்கும்போது பிரஷர் தடாலென்று இறங்கினால், வாடி நிற்கிற பகுதிக்கு வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். ஊசி போடுவதற்கு 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று அளவு இருக்கிறது, அதை மருத்துவமனையில் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள்.

108-ஐக் கூப்பிட்டதுமே கேட்க வேண்டியது, 24 மணி நேரமும் சிடி ஓடுகிற, பக்கவாத ஊசி போடுகிற மருத்துவமனை எது என்பதுதான். பக்கத்தில் இருக்கிறதே என்று சிடி இல்லாத இடத்தில் இறங்கி, டிரிப் ஏற்றி, அங்கிருந்து ரெஃபர் வாங்கி வருவதற்குள் கெடு போய்விடுகிறது. சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு அள்ளிப் பையில் போடுங்கள். வால்வு மாற்றியவர்கள் சாப்பிடுகிற அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை இருந்தால் கேட்காமலேயே முதலில் சொல்லுங்கள், ஊசி போடலாமா கூடாதா என்பதையே அது மாற்றும். நோயாளியின் எடையும் தெரிந்திருக்க வேண்டும். கட்டியைக் கரைக்கிற மருந்து ஆல்டெப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90 மில்லிகிராமுக்கு மேல் இல்லை. பத்தில் ஒரு பங்கை முதலில் செலுத்தி மீதியை 1 மணி நேரம் ஏற்றுவார்கள். இப்போது பரவலாகிவிட்ட டெனெக்டெப்ளேஸை ஒரே தடவையில் செலுத்திவிடலாம், அதற்கும் எடைக் கணக்குதான். படுத்த படுக்கையாக வருகிறவரை எங்கே நிறுத்தி எடை பார்ப்பது?

ஊசி போட்ட மறுநாள் மறுபடியும் சிடிக்கு அனுப்புவார்கள். "காசு புடுங்கத்தான் திரும்பத் திரும்ப எடுக்குறாங்க" என்ற முணுமுணுப்பை அப்போதுதான் அதிகம் கேட்பேன். 24 மணி நேரம் கழித்து எடுக்கிற அந்தப் படத்தில் கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் ஆஸ்பிரின் தொடங்குவார்கள். கட்டியை இழுத்து எடுத்தவர்களுக்குச் சில சமயம் படத்தில் வெள்ளையாக ஏதோ தெரியும். ரத்தமாகவும் இருக்கலாம், தங்கிப்போன கான்ட்ராஸ்ட் மருந்தாகவும் இருக்கலாம். அடுத்த படத்தில் மறைந்துவிட்டால் பெரும்பாலும் மருந்து. பெரிய பாதிப்பு உள்ளவர்களுக்கு 2-லிருந்து 5 நாளுக்குள் மூளை வீக்கம் உச்சத்துக்குப் போகும். தூக்கம் அதிகமாகிறது, கூப்பிட்டால் முன்போல் விழிக்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் கவனிப்பார். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அவசரமாகப் படம் எடுத்து, தேவைப்பட்டால் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து அழுத்தத்தைக் குறைக்கிற ஆபரேஷன் செய்வார்கள். அதற்கும் கெடு உண்டு, பொதுவாகப் பக்கவாதம் வந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள்.

பெரிய மையத்துக்கு மாற்றும்போது ஃபிலிமை மட்டும் சுருட்டிக்கொண்டு ஓடாதீர்கள். சிடியையோ எம்ஆர்ஐயையோ கம்ப்யூட்டரில் போடுகிற குறுந்தட்டில் பதிந்து தரச் சொல்லிக் கேளுங்கள். ஃபிலிமில் நாங்கள் அச்சடித்தது எங்கள் கண்ணுக்குச் சரியென்று பட்ட ஒரே வெளிச்ச அளவில்தான் இருக்கும். தட்டில் முழுப் படமும் இருக்கும். அங்கே இருக்கும் டாக்டர் சாம்பல் நிற அளவைக் கூட்டிக் குறைத்து, எங்கள் திரையில் மங்கலாகத் தெரிந்ததைத் தெளிவாகப் பார்க்க முடியும். பதிய சில நிமிடம் ஆகும், அதற்காக ஆம்புலன்ஸைக் காக்க வைக்க வேண்டாம். நோயாளி முதல் வண்டியில் கிளம்பட்டும். ஒருவர் பின்தங்கித் தட்டை வாங்கிக்கொண்டு பைக்கில் வரட்டும், அல்லது இரண்டு மருத்துவமனைக்கும் இடையில் நேரடியாக அனுப்பும் வசதி இருக்கிறதா என்று எங்களைக் கேளுங்கள். இருந்தால் வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் படம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.